ஜெர்மனியில் ஒப்பந்தத்தை நீட்டித் தருகிறார்களா? கையெழுத்துக்கு முன் பார்க்க வேண்டியவை

ஜெர்மனியில் முதல் வேலை கிடைக்கும்போது கையில் தருவது பெரும்பாலும் காலவரம்பு போட்ட ஒப்பந்தம்தான். ஆறு மாதம், ஒரு வருஷம் என்று இருக்கும். முடியப்போகும் நேரத்தில் மேலாளர் கூப்பிட்டு இன்னொரு தாளைத் தருவார். "நல்ல மனுஷன், நீட்டித் தந்துவிட்டார்" என்று படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறோம். அவர் நல்லவராகவே இருக்கட்டும். ஆனால் எத்தனை தடவை நீட்டலாம் என்பதற்கு 2001 முதல் தனிச் சட்டமே இருக்கிறது.

காலவரம்பு போட முதலாளிக்கு ஒரு காரணம் இருக்கிறதா இல்லையா என்பதில்தான் எல்லாமே தொடங்குகிறது. காரணம் இல்லையென்றால் மொத்தம் 2 வருஷம், அதற்குள் அதிகபட்சம் 3 நீட்டிப்பு. தொடங்கி 4 வருஷம் ஆகாத புது நிறுவனங்களுக்கு 4 வருஷம் வரை சலுகை உண்டு. தொழிற்சங்கக் கூட்டு ஒப்பந்தம், அதாவது டாரிஃப், இருக்கும் துறைகளில் இந்தக் கணக்கு மாறலாம். அதே நிறுவனத்தில் முன்பு வேலை பார்த்து விலகியவரை மறுபடி எடுக்கும்போது காரணமில்லாக் காலவரம்பு பொதுவாகச் செல்லாது. இதில் 'மூன்று வருஷம் கழிந்தால் சரி' என்று ஒரு காலத்தில் இருந்த விளக்கத்தை 2018-இல் அரசியல் சட்ட நீதிமன்றம் ஏற்க மறுத்துவிட்டது. படிக்கும் காலத்தில் அங்கே பார்த்த மினிஜாப் எனப்படும் குறைந்த சம்பளச் சின்ன வேலை மாதிரியான விஷயங்களுக்கு மட்டும் விலக்குக் கிடைக்கலாம்.

இனி அந்தத் தாளையே பாருங்கள். காலவரம்பு காகிதத்தில் இருக்க வேண்டும், இரண்டு தரப்பும் பேனாவால் கையெழுத்திட்டிருக்க வேண்டும். ஸ்கேன் செய்து மெயிலில் அனுப்பிய தாள் போதாது. வேலை விவரங்களை மின்வடிவில் தர 2025 முதல் வழி இருந்தாலும், காலவரம்புக்கு அந்தத் தளர்வு கிடையாது. சான்றளிக்கப்பட்ட உயர்தர மின்கையெழுத்து ஒன்றுதான் விதிவிலக்கு. 1-ஆம் தேதி காலையிலேயே வேலையில் இறக்கிவிட்டு, 5-ஆம் தேதி "இதில் ஒரு கையெழுத்துப் போடுங்கள்" என்று தாளைக் கொண்டுவந்தால் அந்தக் காலவரம்பு பொதுவாகச் செல்லாது. வேலை போகாது, மாறாக நிரந்தரமாகிவிடும். ஆகவே கையெழுத்துக்குப் பக்கத்தில் அன்றைய தேதியை நீங்களே எழுதுங்கள். முதல் வார ஷிப்ட் பட்டியலைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முந்தைய தேதி போடச் சொன்னால் போடாதீர்கள்.

நீட்டிப்பும் இப்படித்தான். பழைய ஒப்பந்தம் முடிவதற்கு முன்பே கையெழுத்தாகியிருக்க வேண்டும். காரணமில்லா வகையில் அதே தாளில் வேலை நேரத்தையோ சம்பளத்தையோ சேர்த்து மாற்றினால், அது நீட்டிப்பே அல்ல, புது ஒப்பந்தம் என்று நீதிமன்றங்கள் எடுத்துக்கொள்கின்றன. ஏற்கெனவே அங்கே வேலை பார்த்தவர் என்பதால் அந்தக் காலவரம்பு செல்லாது. ஏற்கெனவே உங்களுக்குச் சேர வேண்டிய சம்பள உயர்வாக இருந்தால் பரவாயில்லை. தேதி முடிந்த பிறகும் நீங்கள் வேலைக்குப் போய், முதலாளியும் தெரிந்தே உடனடியாக மறுக்காமல் விட்டால் அதுவும் நிரந்தரம்.

காரணம் உள்ள ஒப்பந்தங்கள் சிக்கலானவை. பிரசவ விடுப்பில் போனவருக்குப் பதில், திடீரென்று கூடிய வேலை, இப்படிக் காரணம் இருந்தால் 2 வருஷ வரம்பு இல்லை. சங்கிலி போலத் தொடரலாம். கொலோனில் ஒரு நீதிமன்ற ஊழியருக்கு 11 வருஷத்தில் 13 ஒப்பந்தங்கள் போட்டிருந்தார்கள். 2012-இல் ஐரோப்பிய நீதிமன்றம், காரணம் உண்மையாக இருந்தாலும் எண்ணிக்கையையும் மொத்தக் காலத்தையும் பார்க்க வேண்டும் என்றது. பிறகு ஜெர்மன் கூட்டாட்சித் தொழிலாளர் நீதிமன்றம் 2016-இல் ஓர் அளவுகோல் வகுத்தது. 10 வருஷத்துக்கு மேல், அல்லது 15 நீட்டிப்புக்கு மேல் போனால் அதைத் துஷ்பிரயோகம் என்றே கொள்ளலாம். இல்லையென்று காட்டுவது முதலாளியின் பொறுப்பு. என்னைக் கேட்டால் தாராளமான அளவுகோல்தான், அதுவும் முதலாளிக்கு.

எல்லாவற்றிலும் முக்கியம் மூன்று வாரக் கெடு. ஒப்பந்தம் முடியும் தேதியிலிருந்து 3 வாரத்துக்குள் ஆர்பைட்ஸ்கெரிஷ்ட் எனப்படும் தொழிலாளர் நீதிமன்றத்தில் வழக்குப் போடவில்லையென்றால், செல்லாத காலவரம்பும் செல்லுபடியாகிவிடும். புதுத் தாளில் நிபந்தனையின்றிக் கையெழுத்திட்டால் பொதுவாக அந்தக் கடைசித் தாளைத்தான் நீதிமன்றம் ஆராயும். பழையதில் இருந்த ஓட்டை அதோடு போய்விடும். ஆலோசனை கேட்பதென்றால் கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள். முதல் கட்டத்தில் வக்கீல் கட்டாயமில்லை, நீதிமன்றத்தில் உள்ள மனுப் பிரிவே வழக்கை எழுதித் தரும். தோற்றாலும் எதிர்த்தரப்பு வக்கீல் செலவு முதல் கட்டத்தில் உங்கள் தலையில் விழாது. வெர்டி போன்ற தொழிற்சங்கங்கள் உறுப்பினர்களுக்குச் சட்ட உதவி செய்யும், ஆனால் சேர்ந்த மறுநாளே கிடைக்காது. பிரச்சினை வருமுன் சேர்ந்துவிடுவது நல்லது.

வேலையில் 6 மாதத்துக்கு மேல் ஆனால் நிரந்தர ஒப்பந்தம் வேண்டுமென்று எழுத்தில் கேட்கலாம், 2022 ஆகஸ்ட் முதல் முதலாளி ஒரு மாதத்துக்குள் எழுத்தில், காரணத்தோடு பதில் தர வேண்டும். நிரந்தர ஒப்பந்தமே தந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லைதான், ஆனால் கேட்ட தடயம் இருக்கும். கர்ப்பமாக இருந்தால் வேலையை விட்டு நீக்குவதற்கு எதிரான பாதுகாப்பு உண்டு, காலவரம்பு தானாக முடிவதை அது தடுக்காது.

கடைசித் தேதிக்கு 3 மாதம் முன்பே வேலை முகமையான அகென்டூர் ஃபியூர் ஆர்பைட்டில் 'வேலை தேடுபவர்' என்று பதிந்துகொள்ளுங்கள். மேலாளர் வாயால் "நீட்டுவோம்" என்று சொல்லியிருந்தாலும் பதியுங்கள். ஒப்பந்தமே 3 மாதத்துக்குக் குறைவானது என்றால், முடியும் தேதி தெரிந்த 3 நாளுக்குள் பதிய வேண்டும். தாமதித்தால் வேலையில்லாப் பணத்தில் ஒரு வாரம் பிடித்துக்கொள்வார்கள்.