முதியோர் மறுவாழ்வு இல்லம் பார்க்க ஞாயிறு மாலை போங்கள்

இடுப்பெலும்பு ஆபரேஷனோ பக்கவாதமோ முடிந்து பெரியவரைச் சில வாரம் ஓர் இல்லத்தில் விட வேண்டியிருக்கிறதா? வார நாள் காலையில் பார்த்தால் எல்லா இடமும் பளிச்சென்றுதான் இருக்கும். ஞாயிறு மாலை 6 மணிக்கு மேல், முன்கூட்டிச் சொல்லாமல் போங்கள். ஆள் பற்றாக்குறை அப்போதுதான் தெரியும்.

அழைப்பு மணியை அடித்து, ஆள் வர எத்தனை நிமிடம் என்று பாருங்கள். சுவிட்ச் கட்டிலுக்குப் பின்னால் சுவரில் இருந்தால், படுத்திருப்பவருக்கு அது இருந்தும் இல்லாததுதான். "எத்தனை நர்ஸ்?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள், "ராத்திரி இந்த மாடியில் எத்தனை பேர், அதில் நர்ஸிங் படித்தவர் எத்தனை?" என்று கேளுங்கள்.

தானாகப் புரள முடியாதவரைப் பொதுவாக 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் குதிகாலிலும் வால் எலும்புப் பக்கமும் படுக்கைப்புண் வரும். திருப்பிப் படுக்க வைத்த நேரத்தை டிக் செய்யும் சார்ட்டைக் காட்டச் சொல்லுங்கள். மாலை 6 மணிக்கே இரவு 10 மணி வரைக்கும் டிக் விழுந்திருந்தால் கிளம்பிவிடலாம்.

"பிசியோதெரபி தினமும் உண்டு" என்ற பதில் போதாது. எத்தனை நிமிடம், ஞாயிறு உண்டா, தனியாகவா கூட்டமாகவா? 'வாக்கர் பிடித்துக் கழிவறை வரை நடப்பது' என்பதுபோல் இலக்கை எழுதித் தருகிறார்களா? கட்டிலில் காலை அசைத்துவிட்டுப் போனால் யாரும் நடந்துவிட மாட்டார்கள்.

கழிவறைக் கதவு 90 செ.மீ. அகலம் இருக்கட்டும், கைப்பிடிக் கம்பியைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். டயப்பர், டாக்டர் விசிட், ஆக்சிஜன் எல்லாம் மாதக் கட்டணத்தில் சேருமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு அட்வான்ஸ் கொடுங்கள்.