நோட்டோ செரிஃப் தமிழைக் குறை சொல்வதற்கு முன்

நீண்ட வாசிப்புக்கு நம்பி எடுக்கக்கூடிய இலவசத் தமிழ் எழுத்துருக்கள் அதிகம் இல்லை. இருப்பவற்றில் நோட்டோ செரிஃப் தமிழுக்கு நான் முன்வரிசையில் இடம் கொடுப்பேன். மெல்லிய எடையிலிருந்து மிகத் தடித்த எடை வரை இருக்கிறது. புத்தகம், இணையம் இரண்டுக்கும் உதவும். ஆனாலும் "இந்த ஃபாண்ட்டில் எழுத்து உடைகிறது" என்ற புகார் ஓயவில்லை. பெரும்பாலும் குறை எழுத்துருவில் இல்லை, அதைப் பொருத்திய விதத்தில்தான் இருக்கிறது.

புத்தக வேலையில் முதல் சிக்கல் ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு. எல்லா மொழிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யுனிகோடில் 'கெ' என்பது முதலில் 'க', அப்புறம் கொம்பு என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. கொம்பை முன்னால் கொண்டுவந்து வைப்பது மென்பொருளின் வேலை. பக்கம் அமைக்கும் மென்பொருளான இன்டிசைனில் பத்தி அமைப்பில் வேர்ல்டு-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பு இடம் மாறி நிற்கலாம். லேட்டெக் என்ற இன்னொரு பக்க அமைப்பு மென்பொருளைப் பயன்படுத்துபவர்கள் பழைய பிடிஎஃப்லேட்டெக்கை விட்டுவிட்டு ஸீலேட்டெக்கோ லுவாலேட்டெக்கோ எடுக்க வேண்டும். இந்த ஒரு அமைப்பு தெரியாமல் யுனிகோடு அல்லாத பழைய எழுத்துருவான பாமினிக்கே திரும்பிப் போகிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. அந்தப் புத்தகம் மின்னூலாகும் நாளில் எல்லாவற்றையும் மறுபடி மாற்ற வேண்டியிருக்கும்.

மாற்றும்போதும் கவனம் தேவை. பழைய எழுத்துருக்களில் ஔகாரக் குறியை 'ெ'யும் 'ள'வும் சேர்த்துத்தான் தட்டினார்கள். அப்படியே யுனிகோடுக்கு வந்தால் 'கௌரவம்' என்பது 'கெளரவம்' ஆகிவிடும். கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரியும், மெய்ப்புப் பார்ப்பவர்கூடத் தாண்டிப் போய்விடுவார். ஆனால் தேடினால் கிடைக்காது, வாசித்துக் காட்டும் செயலி 'கெள' என்றே உச்சரிக்கும். கால் இருக்க வேண்டிய இடத்தில் 'ர' இருப்பதும் இதே வகைப் பிழை. பக்கம் அமைப்பதற்கு முன்பே இவை இரண்டையும் தேடித் திருத்திவிடுங்கள்.

இணையத்தில் நடக்கும் தவறு வேறு மாதிரி. பக்கம் சீக்கிரம் திறக்க வேண்டும் என்று எழுத்துருவைக் கத்தரிக்கிறோம், நல்லதுதான். ஆனால் யுனிகோடில் தமிழுக்கென்று இருக்கும் 128 இடங்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டிவிட்டால், தமிழோடு கூடவே வரும் சில குறிகள் வெளியே நின்றுவிடும். இன்று புழங்கும் ₹ என்ற ரூபாய்க் குறி அந்த 128-க்குள் இல்லை. 'க்‌ஷ' என்று பிரித்து எழுத நடுவில் வைக்கும் கண்ணுக்குத் தெரியாத குறியும் இல்லை. அதை விட்டுவிட்டால் அந்த எழுத்து மட்டும் வேறு எழுத்துருவுக்குத் தாவக்கூடும். வளைந்த மேற்கோள் குறிகளும் 0 முதல் 9 வரையான எண்களும்கூட வெளியில்தான். ஒரு வாக்கியத்தில் எழுத்து ஒரு முகமாகவும் எண் வேறு முகமாகவும் தெரிந்தால் இங்கேதான் முதலில் பாருங்கள். ரோமன் எழுத்துகளும் அப்படியே. நோட்டோவின் சில பதிப்புகளில் அவை சேர்ந்தே வருகின்றன, சிலவற்றில் இல்லை. இல்லையென்றால் நோட்டோ செரிஃபைப் பக்கத்தில் வையுங்கள், இரண்டும் ஒரே குடும்பம்.

அடுத்தது தடித்த எழுத்து. சாதாரண எடையை மட்டும் தளத்தில் ஏற்றிவிட்டுத் தலைப்புக்குத் தடிமன் கேட்டால், பிரவுசர் தானாகவே எழுத்தை ஊத வைக்கும். 'ணை', 'ஞூ' போன்றவற்றின் உள்வெளிகள் அடைத்துக்கொள்ளும். எல்லா எடைகளும் ஒரே கோப்பில் அடங்கிய மாறும் எழுத்துருவை எடுத்தாலும் 100 முதல் 900 வரை என்று எடை வரம்பைக் குறிப்பிட வேண்டும். சாய்வெழுத்து பற்றி என் கருத்து: வேண்டாம். கோப்பு கிடைக்கிறது, ஆனால் தமிழ் வாசகரின் கண் அதற்குப் பழகவில்லை. நூற்பெயருக்கு மேற்கோள் குறி போதும்.

வரி இடைவெளியை ஆங்கில வார்ப்புருவில் இருந்தபடியே விட்டுவிடுகிறார்கள். மேல் வரியின் 'பூ', 'ழூ' கீழே இறங்க, கீழ் வரியின் 'கீ', 'மீ' மேலே ஏற, இரண்டும் முட்டிக்கொள்கின்றன. இணையத்தில் எழுத்தளவைப்போல் 1.6 முதல் 1.8 மடங்கு கொடுங்கள். புத்தகத்தில் 11 புள்ளி (பாயின்ட்) எழுத்துக்கு 16 புள்ளி வரி எனக்குச் சரியாகப் படுகிறது. கைபேசித் திரையில் இருபக்கமும் சீராக்கவே கூடாது. 'கொண்டுவரப்பட்டிருக்கிறது' என்ற ஒரு சொல்லே முக்கால் வரியைப் பிடித்துக்கொள்ளும், மீதி வரிகளில் ஓட்டை விழும். அச்சில் சீராக்கலாம், ஆனால் சொல்லை உடைக்கும்போது அடுத்த வரி ஒற்றெழுத்தில் தொடங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உரிமம் சுருக்கம்தான். நோட்டோபோல் ஓ.எஃப்.எல். என்ற திறந்த எழுத்துரு உரிமத்தில் வரும் எழுத்துருவை வைத்துப் புத்தகம் விற்கலாம், தளத்தில் ஏற்றலாம், யாருக்கும் கட்டணம் தர வேண்டாம். எழுத்துருவைத் தனியாக மட்டும் விற்கக் கூடாது. பிறருக்குக் கொடுத்தால் உரிமக் கோப்பையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். 'இலவசம்' என்று இறக்கித் தரும் தளங்களில் பல எழுத்துருக்கள் சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டுமே. உரிமக் கோப்பைத் திறந்து படிக்காமல் அவற்றை அட்டையில்கூடப் போடாதீர்கள்.

இனி தாள். செரிஃப், அதாவது கோட்டு முனைகளில் சிறு நீட்சி உள்ள எழுத்தின் மெல்லிய கோடுகள் திரையில் தெரிவதுபோல் தாளில் விழாது. மை பரவும் மலிவான தாளில் கோடு தடிக்கும், சில டிஜிட்டல் அச்சில் மெலிந்து உடையும். அதனால் அச்சாகப்போகும் அதே தாளில், அதே இயந்திரத்தில், அதே அளவில் நான்கு பக்கம் எடுத்துப் பார்த்த பிறகு எடையை முடிவு செய்யுங்கள். மெலிந்து தெரிந்தால் சாதாரண எடைக்கு ஒரு படி மேலே நடுத்தர எடை இருக்கிறது.