மலையகத்தில் விருந்தினர் அறை: வருமானம் ஊருக்குள்ளேயே தங்குவதற்கு

விருந்தினருக்கு ஓர் அறையை வாடகைக்கு விட நினைப்பவர் கட்டிலுக்கும் வர்ணப்பூச்சுக்கும் முன்னால் காணி உறுதியைப் பார்க்க வேண்டும். லயன் காம்பரா (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டு அறை) தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பில் உள்ளது என்பதால், நிர்வாகத்தின் எழுத்துமூல இணக்கமின்றி அங்கே எதையும் தொடங்கக்கூடாது. 7 பேர்ச் காணியில் தனிவீடு பெற்றவர்களும், உறுதி தம் பெயரில் இருக்கிறதா, அதில் தொழில் நடத்தத் தடை உண்டா என்று பிரதேச செயலகத்தில் விசாரிப்பது நல்லது. அடுத்தது, இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிவு. புதிய அறை கட்டுவதாயின் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கையும் தேவை. 2014 ஒக்டோபரில் மீரியபெத்தையில் லயன்கள் மண்ணில் புதைந்ததை அறிந்த நமக்கு இது வெறும் கடதாசி வேலை அல்ல.

இனிக் கணக்கு. இரவொன்றுக்கு 6,000 ரூபாய் வாங்குவதாகவும், முன்பதிவுத் தளம் 15 சதவீதம் கழிப்பதாகவும் வைத்துக்கொண்டால் 900 ரூபாய் அப்போதே வெளியே போய்விடும். மீதியில் பாணும் ஜாமும் நகரத்துக் கடையில் வாங்கி, நகரத்து வாகனத்தையே அழைத்தால் அயலவருக்கு மிஞ்சுவது சத்தம் மட்டுமே. ஆகவே ரொட்டியும் கட்டச் சம்பலும் பரிமாறுங்கள். கோவாவையும் லீக்ஸையும் பக்கத்துத் தோட்டக்காரரிடம் வாங்குங்கள். ஹப்புத்தளையருகே உள்ள லிப்டன் சீட் காட்சிமுனைக்கு வழிகாட்ட, கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போக நினைக்கும் ஊர்ப் பையனுக்கே, கூலியை முன்கூட்டியே பேசி, வாய்ப்புக் கொடுங்கள். கண்டியருகே தொடங்கி ஹப்புத்தளை, எல்ல வழியாக நுவரெலியாவை அடையும் பெக்கோ டிரெயில் என்ற நடைபாதை 300 கிலோமீற்றருக்கு மேல் நீள்வதால், ஹோட்டல் இல்லாத ஊர்களிலும் நடைப்பயணிகளுக்கு இரவுத் தங்கல் வேண்டியிருக்கிறது.

தோட்ட வேலையை மட்டும் அவசரப்பட்டு விடாதீர்கள். 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல், அடுத்த ஆண்டின் பெருந்தொற்று, 2022 எரிபொருள் தட்டுப்பாடு ஆகிய மூன்றும் அறைகளைக் காலியாக்கின. தோட்டச் சம்பளமும் அதனோடு சேரும் சேமலாப நிதியும் (ஓய்வுக்காலச் சேமிப்பு) உள்ளவர்களால் ஓரளவாவது தாக்குப்பிடிக்க முடியும்.

சச்சரவு பெரும்பாலும் பீலித் தண்ணீரில்தான் (மலை ஊற்றிலிருந்து குழாயில் வரும் நீர்) ஆரம்பிக்கும். பல குடும்பங்கள் பங்கிடும் பீலியில் சுடுநீர்க் குளியலுக்குக் குழாய் இழுப்பதற்கு முன்பு அயலவருடன் பேசுங்கள், தனித் தொட்டி வையுங்கள். கொழுந்து பறிக்கும் பெண்களைக் கேட்காமல் படமெடுக்கக் கூடாது என்பதை விருந்தினர் வந்த அன்றே சொல்லிவிடுங்கள்.

கொழுந்து பறித்து மலையிலிருந்து திரும்பிய பின் சமையல், துவையல், பரிமாறல் அனைத்தும் பெண் தலையிலேயே விழுகின்றன. அவர் உழைப்புக்கு நாளொன்றுக்கு இவ்வளவு என்று குறித்து, அதை அவர் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் மாதந்தோறும் போடுங்கள்.