குளிர் நாட்டிலிருந்து வெயில் நாட்டுக்கு: உங்கள் நாயின் முதல் 60 நாட்கள்

வந்திறங்கிய நான்காம் நாள், மாலை ஐந்தரை மணி. வெயில் சாய்ந்துவிட்டது, இனிப் பயமில்லை என்று செல்லியை வாக்கிங் கூட்டிப் போனேன். தெருமுனை கூடத் தாண்டவில்லை, ஒரு மரத்தடியில் படுத்துவிட்டாள். கூப்பிட்டால் வாலை ஆட்டினாள், எழவில்லை. நாக்கு நுனி அகப்பை மாதிரி விரிந்து ஒரு பக்கமாகத் தொங்கியது. அப்போதுதான் குனிந்து தார்ச்சாலையைத் தொட்டுப் பார்த்தேன். கையை வைக்க முடியவில்லை. பகலெல்லாம் உள்ளே வாங்கிய சூட்டை அது அந்த நேரத்தில்தான் வெளியே விட்டுக்கொண்டிருந்தது.

செல்லி கறுப்பு லாப்ரடார், ஐந்து வயது, 27 கிலோ. பனியில் ஒரு மணி நேரம் ஓடிவிட்டு இன்னும் வேண்டும் என்று நிற்பவள். அந்த உடம்பை விமானத்தில் ஏற்றி, ஒரே நாளில் புழுக்கமான ஊரில் இறக்கியிருந்தேன். அன்று அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அடுத்த இரண்டு மாதம் நான் செய்ததையெல்லாம் அந்த மரத்தடிதான் தீர்மானித்தது. நாயோடு நாடு மாறப் போகிறவர்களுக்கும், மாறிவந்து கைபிசைந்து நிற்பவர்களுக்கும் அதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்வோம். நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கும். நாய்க்கு வியர்வை உடம்பைக் குளிர்விக்கும் அளவுக்கு வராது. பாதத்தின் அடிப்பகுதியில் கொஞ்சம் வரும், அவ்வளவுதான். அது நம்பியிருப்பது மூச்சை. வேகமாக இளைக்கும்போது நாக்கிலும் மூக்கின் உட்புறத்திலும் உள்ள ஈரம் ஆவியாகி, அந்த வழியாக வரும் இரத்தம் குளிர்கிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் ஆவியாவது குறையும். அதனால் 38 டிகிரி வறண்ட வெயிலை விட 32 டிகிரி புழுக்கம் சில நாட்களில் மோசமாக இருக்கும். வெயில் அடிக்கவில்லையே என்று மேகமூட்டமான நாளில் ஏமாந்துவிடாதீர்கள்.

உடம்பு புது வெப்பத்துக்குப் பழகும். இரத்தத்தின் அளவு, நீரையும் உப்பையும் பிடித்துவைக்கும் விதம் எல்லாம் மெல்ல மாறும். ஓரளவு பழக 10 முதல் 20 நாட்கள், முழுதாகப் பழக சுமார் 60 நாட்கள் ஆகும். அதுவரை நம் வேலை, நாய் கேட்பதைவிடக் குறைவாகக் கொடுப்பது. பந்தை எறிந்தால் விழும்வரை ஓடும் பிராணி அது. போதும் என்று நிறுத்தத் தெரிய வேண்டியது நமக்குத்தான்.

படி 1: வாய் மூடும் நேரத்தைக் குறித்துவையுங்கள்

எனக்கு அதிகம் உதவியது இதுதான். ஒரு சின்ன நோட்டுப் புத்தகம், கைப்பேசியில் உள்ள கடிகாரம், இரண்டும் போதும்.

நாய் நன்றாகத் தூங்கும்போது அருகில் உட்காருங்கள். விலாப்பக்கம் ஒருமுறை ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். ஆரோக்கியமான நாய் தூங்கும்போது நிமிடத்துக்கு 30-க்குள் இருக்கும். குளிர்ச்சியான அறையிலும் தொடர்ந்து 30-ஐத் தாண்டினால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அதற்கு வெக்கை மட்டும் காரணமாக இருக்காது.

அப்புறம் ஒவ்வொரு நடைக்குப் பிறகும், வீட்டுக்குள் வந்த நிமிடத்திலிருந்து இளைப்பு நின்று வாய் மூடும்வரை எத்தனை நிமிடம் என்று குறியுங்கள். செல்லிக்கு ஆறாம் நாள் 22 நிமிடம். இருபதாம் நாள் 9. இந்த எண் இறங்கிக்கொண்டே வந்தால் உடம்பு பழகுகிறது என்று அர்த்தம். 10 நிமிடத்தைத் தாண்டினால் அடுத்த நாள் நடையைப் பாதியாக்கிவிடுவேன். இது நானே வைத்துக்கொண்ட கணக்கு. உங்கள் நாய்க்கு உங்கள் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

படி 2: முதல் மூன்று நாள், ஒன்றும் செய்யாதீர்கள்

விமானத்தின் சரக்குப் பகுதியில் பல மணி நேரம் கூண்டுக்குள் இருந்து வந்திருக்கிறது. இரைச்சல், நேர மாற்றம், புது வாசனை. இதற்கு மேல் வெக்கை. ஊரைச் சுற்றிக் காட்டும் ஆசையைத் தள்ளிவையுங்கள். சிறுநீருக்கும் மலத்துக்கும் மட்டும் வெளியே, அதுவும் நிழலில்.

வந்த கூண்டைத் தூக்கிப் போடாதீர்கள். கதவைக் கழற்றிவிட்டு, காற்றோட்டமான மூலையில் வையுங்கள். உள்ளே விரித்திருந்த பழைய துணியைத் துவைக்கவும் வேண்டாம். புது வீட்டில் அதன் பழைய வாசனை இருக்கும் ஒரே இடம் அதுதான். செல்லி முதல் இரவு முழுக்க என் கட்டில், நாற்காலி எல்லாவற்றையும் முகர்ந்துவிட்டு, கடைசியில் அந்தக் கூண்டுக்குள் போய்த்தான் தூங்கினாள்.

பழைய உணவையே கொடுங்கள். விதிகள் அனுமதித்தால் 10 நாளுக்காவது கையோடு கொண்டுவாருங்கள். புது உணவுக்கு மாறுவதாக இருந்தால் 7 முதல் 10 நாள் எடுத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றுங்கள். முதல் நாட்களில் சாப்பாடு குறைவது சகஜம். ஒரு நாள் முழுக்க ஒன்றும் சாப்பிடாமல் சோர்ந்து கிடந்தால், அல்லது தண்ணீரும் குடிக்கவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம்.

சாப்பாட்டு நேரத்தைப் புது ஊர்க் கடிகாரத்துக்கு ஒரே நாளில் மாற்றாமல், தினமும் ஒரு மணி நேரம் நகர்த்துங்கள். நடு இரவில் எழுந்து உங்களை எழுப்பும், திட்டாதீர்கள். அதன் வயிற்றுக்கு அது இன்னும் பழைய ஊர்.

படி 3: முதல் வாரத்திலேயே கால்நடை மருத்துவர்

நோய் வந்த பிறகு மருத்துவரைத் தேடாதீர்கள். ஆரோக்கியமாக இருக்கும்போதே ஒருமுறை கூட்டிப்போய் எடை, இதயம், பல், தோல் எல்லாம் பார்த்துவிடுங்கள். இரவில் திறந்திருக்கும் மருத்துவமனை எது என்பதையும் அன்றே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

முக்கியமாகக் கேட்க வேண்டியது பூச்சிகளைப் பற்றி. குளிர் நாட்டில் குளிர்காலம் வந்தால் கொசுவும் உண்ணியும் அடங்கிவிடும். வெப்ப நாட்டில் வருடம் முழுக்க இருக்கும். பழுப்பு நாய் உண்ணி வீட்டுக்குள்ளேயே, சுவர் இடுக்கில் முட்டையிட்டுப் பெருகக்கூடியது. எர்லிக்கியா, பபேசியா போன்ற இரத்த நோய்கள் அதன் வழியாக வரும். கொசு மூலம் இதயப்புழு வரும். நாயின் உடலுக்குள் போன புழு முழுதாக வளர சுமார் 6 மாதம் ஆகும் என்பதால், இன்று கடித்தது இன்று தெரியாது. மாதாமாதம் தரும் தடுப்பு மருந்து உண்டு. ஆனால் இரத்தப் பரிசோதனை செய்துவிட்டு, மருத்துவர் சொல்லும் மருந்தை மட்டும் தொடங்குங்கள். கோலி வகை நாய்கள் சிலவற்றுக்கு மரபணுக் காரணத்தால், இந்தத் தடுப்பு மருந்துகள் சிலவற்றில் உள்ள ஐவர்மெக்டின் அதிக அளவில் போனால் விஷமாகிவிடும்.

வெளியே போய்வந்தால் தினமும் தடவிப் பாருங்கள்: காதுக்குள், காது மடிப்பில், கழுத்துப்பட்டைக்கு அடியில், அக்குளில், கால்விரல் இடுக்கில், வால் தொடங்கும் இடத்தில். மிளகு போல் தட்டுப்பட்டால் உண்ணியாக இருக்கலாம். தோலை ஒட்டிச் சாமணத்தால் பிடித்து, திருகாமல் நேராக இழுங்கள்.

நாயின் தோலுக்கடியில் உள்ள மைக்ரோசிப்பில் ஓர் அடையாள எண்தான் இருக்கும்; அந்த எண்ணோடு பதிவேட்டில் பதிந்துள்ள தொலைபேசி எண்ணையும் முகவரியையும் மாற்ற மறக்காதீர்கள். பலர் மறப்பது இது. பழைய நாட்டு எண் இருந்தால், தொலைந்த நாயைக் கண்டெடுத்தவர் யாரை அழைப்பார்?

படி 4: நடை

முதல் வாரம் ஒரு நடைக்கு 10 நிமிடம். விடியும் முன், அல்லது இரவு. இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் விடியற்காலையைத் தேர்ந்தெடுங்கள்; இரவெல்லாம் தரை ஆறியிருக்கும். கிளம்பும் முன் புறங்கையைச் சாலையில் 7 விநாடி வையுங்கள். உங்களால் முடியாவிட்டால் அதன் பாதத்தாலும் முடியாது. காற்று 25 டிகிரி இருக்கும்போதே, வெயில் விழும் தார்ச்சாலை 50 டிகிரியை எட்டிவிடும்.

வாரத்துக்கு ஐந்து நிமிடம் வீதம் கூட்டலாம், வாய் மூடும் நேரம் அனுமதித்தால். ஓட்டமும் பந்தும் முதல் மூன்று வாரம் வேண்டாம். அதற்குப் பதில் மூளைக்கு வேலை கொடுங்கள். வீட்டுக்குள் தின்பண்டத்தை ஒளித்துவைத்துத் தேடச் சொன்னால், கால் மணி நேரத்தில் நாய் அசந்து படுத்துவிடும்.

பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்கள், வயதானவை, பருமனானவை, இதய நோய் உள்ளவை ஆகியவற்றுக்கு நான் மேலே சொன்ன கணக்கு பொருந்தாது. அவற்றுக்கு மூச்சு வழியே குறுகலாகவோ, உடம்பின் தாங்கும் சக்தி குறைவாகவோ இருக்கும். மருத்துவரிடம் கேட்டு, எல்லாவற்றையும் பாதி அளவில் தொடங்குங்கள்.

காரில் தனியே விடாதீர்கள். ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவைத்தாலும் பயனில்லை. வெளியே 24 டிகிரி இருக்கும் இதமான நாளில்கூட, அரை மணி நேரத்தில் உள்ளே 40-ஐத் தாண்டிவிடும். "இதோ வந்துவிடுகிறேன்" என்று போகும் ஐந்து நிமிடம் எப்போது ஐந்து நிமிடமாக முடிந்திருக்கிறது?

படி 5: வீடு, தண்ணீர்

ஏசியை 18-ல் வைத்து நாள் முழுக்க அடைத்துவைத்தால் உடம்பு பழகவே பழகாது. வெளியே போகும் ஒவ்வொரு முறையும் முதல் நாள்தான். உச்சி வெயிலிலும் புழுக்கமான இரவிலும் 25, 26 டிகிரி போதும். காலையிலும் மாலையிலும் ஜன்னலைத் திறந்துவிட்டு, மின்விசிறியோடு நிழலில் இருக்கப் பழக்குங்கள். குளிர்ந்த தரையில் வயிற்றை ஒட்டிப் படுக்க இடம் விடுங்கள். மெத்தை வாங்கிப் போட்டு, அது தரையில் படுக்கிறதே என்று வருந்த வேண்டாம்.

சாதாரணமாக ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளுக்கு 50 முதல் 60 மில்லி தண்ணீர் வேண்டும். வெக்கையில் இன்னும் கூடும். இரண்டு மூன்று இடங்களில் வையுங்கள். குடிக்கத் தயங்கினால் உணவில் தண்ணீர் ஊற்றிக் குழைத்துக் கொடுங்கள். ஈறைத் தொட்டுப் பாருங்கள், வழுவழுப்பாக ஈரமாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் 2 விநாடிக்குள் மீண்டும் சிவக்க வேண்டும். நல்ல உடம்பில் இருக்கும்போதே இதைப் பத்து முறை செய்து பார்த்துவிட்டால், மாறும்போது உங்கள் விரலுக்கே தெரியும்.

படி 6: முடியை மழிக்காதீர்கள்

ஹஸ்கி, கோல்டன் ரெட்ரீவர், லாப்ரடார் போன்ற இரட்டை அடுக்கு முடி உள்ள நாய்களை வந்த வேகத்தில் மொட்டையடிக்கிறார்கள். மேலடுக்கு வெயில் தோலில் விழாமல் தடுக்கிறது. மழித்தால் தோல் வெந்துபோகும், சில நாய்களுக்கு முடி முன்போல் வளராமலும் போகும். உள்ளே உதிர்ந்து சிக்கிக்கிடக்கும் மென்முடியைத்தான் எடுக்க வேண்டும். தினமும் பத்து நிமிடம் சீவுங்கள். முதல் மாதத்தில் செல்லியிடமிருந்து வந்த முடியில் ஒரு தலையணை செய்திருக்கலாம்.

குளித்தாலும் நனைந்தாலும் அடிமுடிவரை உலர்த்துங்கள், காதையும் துடையுங்கள். ஈரம் தங்கினால் தோல் புண்ணும் காதில் பூஞ்சையும் வரும்.

படி 7: வெப்பத்தாக்கு வந்தால்

இதை அச்செடுத்துச் சுவரில் ஒட்டுங்கள். நாயின் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். நிற்காத இளைப்பு, கயிறு போல் ஒட்டும் எச்சில், கரும்சிவப்பான அல்லது வெளுத்த ஈறு, தள்ளாட்டம், வாந்தி, பேதி, கூப்பிட்டால் திரும்பாத பார்வை. இவற்றில் ஒன்றைப் பார்த்தாலே தொடங்குங்கள். தெர்மாமீட்டரைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள்.

முதலில் குளிர்வித்தல், அதற்கு அப்புறம்தான் பயணம். நிழலுக்குக் கொண்டுபோய், குழாயோ வாளியோ, கிடைக்கும் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றிக்கொண்டே இருங்கள். வயிறு, அக்குள், தொடை இடுக்கு முக்கியம். மூக்கிலும் வாயிலும் போக விடாதீர்கள். விசிறிக்காற்று படட்டும். ஈரத்துண்டைப் போர்த்திவிடாதீர்கள், அது சீக்கிரமே சூடாகி, வெப்பத்தை உள்ளேயே நிறுத்திவிடும். நினைவிருந்தால் தானாகக் குடிக்க விடுங்கள். மயக்கத்தில் இருக்கும் நாயின் வாயில் ஊற்றக்கூடாது. ஆசனவாயில் அளந்து பார்க்க முடிந்தால், 39.5-க்கு இறங்கியதும் ஊற்றுவதை நிறுத்துங்கள். பிறகு மருத்துவமனைக்கு.

எழுந்து வாலை ஆட்டினாலும் கூட்டிப்போங்கள். சிறுநீரகத்துக்கும் கல்லீரலுக்கும் பட்ட அடி ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் தெரியவரும்.

60 நாளுக்குப் பிறகு

செல்லிக்கு இப்போது விடியற்காலை 40 நிமிடம் நடை, 6 நிமிடத்தில் வாய் மூடுகிறது. பந்து உண்டு, ஐந்து முறை மட்டும். மரத்தடி வந்தால் இன்னும் நின்று பார்ப்பாள், நானும் நிற்பேன்.

பழகிய உடம்பு பழகியபடியே இருந்துவிடாது. சில வாரம் குளிர் நாட்டுக்குப் போய்த் திரும்பினாலோ, நோயில் படுத்து எழுந்தாலோ, மறுபடி 10 நிமிடத்திலிருந்து தொடங்குங்கள். நோட்டுப் புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.