தூளியிலிருந்து படுக்கைக்குக் குழந்தையை மாற்றுவது எப்படி

சேலைத் தூளியில் தூங்கிப் பழகிய குழந்தையைப் படுக்கைக்கு மாற்றும்போது, பல வீடுகளில் தூளியையும் ஆட்டத்தையும் ஒரே இரவில் நிறுத்திவிடுகிறார்கள். குழந்தை விடியும்வரை அழுவதற்குப் பெரும்பாலும் அதுவே காரணம். ஆட்டம்தான் அதற்குத் தூக்கத்தைக் கொண்டுவருகிறது என்பதால், முதலில் ஆட்டத்தைக் குறைத்துவிட்டு, அதன் பிறகே இடத்தை மாற்ற வேண்டும்.

குழந்தை தூளிக்குள் எழுந்து உட்கார்ந்து, ஓரத்தைப் பிடித்து எட்டிப் பார்க்கத் தொடங்கிவிட்டால், தலைகுப்புற விழும் ஆபத்து இருப்பதால் அதற்கு மேல் தள்ளிப்போடக் கூடாது. கம்பித் தடுப்புள்ள மரத்தொட்டில் என்றால், குழந்தையின் உயரம் 89 செ.மீ. ஆனதும், அல்லது நிற்கும் குழந்தையின் மார்பளவுக்குத் தடுப்பு வந்ததும் மாற்றிவிட வேண்டும். காய்ச்சலடிக்கும் நாட்களிலும், தாய்ப்பால் மறக்கடிக்கும் வாரங்களிலும் இதைத் தொடங்க வேண்டாம். அடுத்த குழந்தை பிறக்கவிருந்தால் இரண்டு மாதங்களுக்கு முன்பே முடித்துவிடுவது நல்லது. இல்லையெனில் தன் தூளியைத் தம்பியோ தங்கையோ பறித்துக்கொண்டதாகவே மூத்த குழந்தை எண்ணும்.

முதல் சில நாட்கள், குழந்தை முழுவதுமாகத் தூங்கும்வரை ஆட்டாமல், கண் சொருகும்போதே நிறுத்திவிட்டு, சேலைக்கு மேல் கைவைத்து முதுகை மெதுவாகத் தட்டிக்கொடுங்கள். ஆட்டத்துக்குப் பதில் தட்டலுக்கே தூங்கப் பழகிய பின், பகல் தூக்கத்தை மட்டும் தரையில் விரித்த மெத்தைக்கு மாற்றுங்கள். தூளி கட்டிய அதே சேலையை மெத்தையின் மேல் விரித்து, சுருக்கமில்லாமல் இழுத்து அடியில் செருகிவிட்டால், பழகிய மணமும் துணியின் மென்மையும் கூடவே வரும். தட்டும் கையும், பாடும் தாலாட்டும், விளக்கை அணைக்கும் நேரமும் மாறாதிருக்கட்டும். பகலில் பழகிய பின் இரவுக்கு வரலாம்.

நேராகக் கட்டிலுக்குப் போவதைவிடச் சில மாதங்கள் தரை மெத்தையிலேயே விடுவதுதான் சிறந்தது என்பது என் உறுதியான கருத்து, ஏனெனில் உருண்டாலும் விழுவதற்கு உயரமில்லை. மெத்தையின் அடியில் ஈரம் சேராமலிருக்கக் காலையில் அதைத் தூக்கி நிறுத்திவையுங்கள். கட்டிலுக்கு மாற்றும்போது, ஓரத்தில் தலையணைகளை அடுக்கினால் போதும் என்று நம்ப வேண்டாம். உருளும் குழந்தையை அவை தடுப்பதில்லை. இரண்டு வயது நிறைந்த குழந்தைக்குத் தடுப்புச் சட்டம் பொருத்தலாம், ஆனால் மெத்தைக்கும் சட்டத்துக்கும் இடையிலோ மெத்தைக்கும் சுவருக்கும் இடையிலோ உடல் நழுவிச் சிக்கும் இடைவெளி இருக்கவே கூடாது. அடுக்குக் கட்டிலின் மேல்தளம் ஆறு வயதுக்குட்பட்டவர்களுக்கு உரியதன்று.

பெற்றோர் பெரும்பாலும் மறப்பது அறையைத்தான். இனி உங்களை எழுப்பாமலேயே குழந்தை நள்ளிரவில் எழுந்து நடக்க முடியும். குளியலறைக் கதவைத் தாழிட்டு, வாளியில் தண்ணீர் இல்லாமல் கவிழ்த்துவையுங்கள். பால்கனிக் கதவைப் பூட்டுங்கள். பீரோவைச் சுவரோடு பிணையுங்கள். கொசுவிரட்டித் திரவத்தையும் பெரியவர்களின் மாத்திரைகளையும் எட்டாத உயரத்தில் வையுங்கள். பயன்பாடு முடிந்த தூளியைக் கயிற்றோடு கழற்றிவிடுங்கள்: தொங்கும் சேலையை முறுக்கி விளையாடிய சிறுவர்களின் கழுத்து இறுகி உயிர் போன விபத்துகள் தமிழ்நாட்டில் பலமுறை நடந்திருக்கின்றன.

குழந்தை எழுந்து வந்தால் விளக்கைப் போடாமல், கதை பேசாமல், அழைத்துச் சென்று மீண்டும் படுக்கவையுங்கள்; எத்தனை முறை வந்தாலும் இதே முறைதான். ஒன்று முதல் இரண்டு வயதுக் குழந்தைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து நாளொன்றுக்கு 11 முதல் 14 மணி நேரமே தேவை என்பதால், மாலை ஐந்து மணிவரை தூங்கவைத்துவிட்டு எட்டு மணிக்குப் படுக்க மறுக்கிறதென்று வருந்துவதில் பயனில்லை. வீட்டிலுள்ள அனைவரும் இதில் ஒத்துப்போக வேண்டும்; அழுகை பொறுக்காமல் பாட்டி ஒருநாள் மடியில் போட்டு ஆட்டிவிட்டால், மறுநாளும் குழந்தை அதையே கேட்கும். ஆகவே தொடங்கும் முன்பே பெரியவர்களிடம் பணிவாக எடுத்துச் சொல்லுங்கள். ஊருக்குப் போகும்போது அந்தச் சேலையையும் எடுத்துச் சென்று, அங்கும் தரையிலேயே விரித்துப் படுக்கவையுங்கள்.