குவாய் ஆற்றில் படகேறும் முன்: சயாம் ரயில் பார்க்கப் போகிறவர்களுக்கு

பாலத்துக்கு முதலில் போகாதீர்கள். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் இறங்குகிற எல்லாரும் நேரே அந்த இரும்புப் பாலத்துக்குத்தான் ஓடுகிறார்கள். இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியர் போர்க்கைதிகளையும் ஆசியக் கூலிகளையும் வைத்து, சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்குப் போட்ட ரயில் பாதையின் பாலம் அது. முதல் தடவை நானும் அப்படித்தான் ஓடினேன். பேங்காக்கிலிருந்து ஒரு நாள் சுற்றுலா, பஸ்ஸில் நாற்பது பேர். பாலத்தில் இருபது நிமிடம் நிறுத்தினார்கள். மதியத்துக்கு மேல் யானை, அதற்கப்புறம் நீலக்கல் விற்கிற நகைக்கடை. கல்லறைத் தோட்டத்தை ஜன்னல் வழியாகக் காட்டியதோடு சரி. "தமிழ்க்காரர்கள் இங்கே வந்து செத்தார்களே, அவர்களுக்கு ஏதாவது இருக்கிறதா?" என்று வழிகாட்டியிடம் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். கேள்வியே அவருக்குப் புரியவில்லை.

இரண்டாம் தடவை அப்பாவோடு போனேன். எண்பதைத் தாண்டியவர், முட்டி வலிக்காரர். அந்தப் பயணத்தில் கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன்.

எங்களுக்கு இந்த இடம் வெறும் சுற்றுலா இல்லை. மலாயாவின் பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்திலிருந்து 1943-இல் தாத்தாவை அந்த ரயில் போடக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பி வந்தவர். இடது முழங்காலுக்குக் கீழே, எலும்பை ஒட்டி, கரண்டியால் தோண்டி எடுத்த மாதிரி ஒரு குழி இருக்கும். சின்ன வயதில் அதில் என் கட்டை விரலை வைத்துப் பார்த்திருக்கிறேன், அப்படியே பொருந்தும். "சயாம் புண்ணு" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

ரயிலில் போனால்

மலேசியாவிலிருந்து போகிறவர்கள் விமானத்தை விட்டுவிட்டு ஒரு வழியாவது ரயிலில் போய்ப் பாருங்கள். பாடாங் பெசாரில் எல்லை தாண்டி, ராத்திரி வண்டியில் படுத்தால் விடிகாலையில் ராட்சபுரி, பான் போங் எல்லாம் ஜன்னலில் வரும். அந்தப் பான் போங்தான் அன்றைக்குக் கைதிகளையும் கூலிகளையும் இறக்கிவிட்ட இடம். மூடிய சரக்குப் பெட்டியில் நாலைந்து நாள் நின்றும் குந்தியும் வந்தவர்கள் அங்கே இறங்கி, அதற்குமேல் காட்டுக்குள் நடந்தார்கள். நாம் அதே தண்டவாளத்தில் போர்வை போர்த்திக்கொண்டு போகிறோம். அப்பா பான் போங் வரும் முன்னே எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

பேங்காக் வரைக்கும் போய்த் திரும்ப வேண்டியதில்லை. நக்கோன் பாத்தோமில் இறங்கினால் அங்கிருந்து காஞ்சனபுரிக்கு வேன் கிடைக்கும். பேங்காக்கின் தோன்புரி நிலையத்திலிருந்து காலையில் ஒன்றும் பிற்பகலில் ஒன்றுமாகக் காஞ்சனபுரிக்குப் போகிற சாதாரண ரயில்களும் அந்த வழியாகத்தான் வரும். மூன்றாம் வகுப்பு, மின்விசிறி, மர ஜன்னல். நாங்கள் போனபோது வெளிநாட்டவருக்கு 100 பாட். இருக்கை எண் கிடையாது, இடம் பிடிக்க வேண்டியதுதான்.

தாய்லாந்துக்குள் நுழையும் வெளிநாட்டவர் எல்லாரும் 2025 மே முதல் இணையத்தில் வருகை அட்டையை நிரப்ப வேண்டும். போய்ச் சேருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்பலாம், காசு கிடையாது. காசு கேட்கிற தளம் வந்தால் மூடிவிடுங்கள்.

மாதம் என்று கேட்டால் நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை. ஏப்ரலில் படகில் உட்கார்ந்தால் தலை வெந்துபோகும். நவம்பர் இறுதியை ஒட்டிப் பாலத்தடியில் ஒளி-ஒலிக் காட்சியோடு திருவிழா நடக்கும். வெடிச்சத்தமும் கூட்டமும் பிடித்தவர்கள் போகலாம், நான் போகமாட்டேன்.

படகுக்கு முன் ஒரு காலைப்பொழுது

காஞ்சனபுரி ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்திலேயே போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அதை ஒட்டியே தாய்லாந்து-பர்மா ரயில்வே மையம் என்ற அருங்காட்சியகம். படகில் ஏறும் முன் இந்த அருங்காட்சியகத்தைப் பார்த்துவிடுங்கள். பார்க்காமல் ஆற்றில் போனால் அது வெறும் ஆறு.

இந்தக் கணக்கு மனதில் இருந்தால் போதும். பாதை 415 கிலோமீட்டர். சயாம் பக்கம் நோங் பிளாடுக், பர்மா பக்கம் தான்பியூசயாட். 1942 நடுவில் வேலை தொடங்கி, 1943 அக்டோபர் 17 அன்று இரு முனையும் சேர்ந்தன. நேசநாட்டுப் போர்க்கைதிகள் அறுபதாயிரம் பேருக்கு மேல் வேலை செய்ததில் பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் செத்தார்கள். அவர்களுக்குப் பெயர்ப்பட்டியல் உண்டு. தமிழர், மலாய்க்காரர், சீனர், பர்மியர், ஜாவாக்காரர் என்று கொண்டுவரப்பட்ட ஆசியத் தொழிலாளர்களை ஏறக்குறைய இரண்டு லட்சம் என்கிறார்கள். செத்தவர்கள் எழுபதாயிரம் என்பாரும் உண்டு, ஒரு லட்சம் என்பாரும் உண்டு. எண்ணி வைத்தவர் யாருமில்லை.

ஏன் நம் ஆட்கள் இவ்வளவு பேர் செத்தார்கள் என்று அப்பா கேட்டார். சிப்பாய்களோடு அவர்களுடைய அதிகாரிகளும் மருத்துவர்களும் இருந்தார்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும், கழிப்பறைக் குழியைத் தள்ளி வெட்ட வேண்டும் என்று முகாமுக்குள்ளே ஒரு கட்டுப்பாடு இருந்தது. தோட்டத்திலிருந்து பெண்டாட்டி பிள்ளைகளோடும் வந்த கூட்டத்துக்கு வைத்தியர் இல்லை, சொல்லித்தர ஆள் இல்லை. 1943 மழையில் காலரா வந்தபோது ஆற்றுத் தண்ணீரை அப்படியே அள்ளிக் குடித்தார்கள்.

கல்லறைத் தோட்டத்தில் கிட்டத்தட்ட ஏழாயிரம் பேர். பிரிட்டிஷார், ஆஸ்திரேலியர், டச்சுக்காரர். ஒவ்வொரு கல்லிலும் வெண்கலத் தகடு, பெயர், வயது, பக்கத்தில் ஒரு பூச்செடி. இரண்டே கல்லறைகளில் எரிக்கப்பட்ட 300 பேரின் சாம்பல் இருக்கிறது. நுழைவு மண்டபத்தைச் சட்டென்று கடந்துவிடாதீர்கள். பிரிக்கப்படாத இந்தியாவின் படையைச் சேர்ந்த 11 பேரின் பெயர் அங்கே பொறித்திருக்கிறது. இவர்கள் தாய்லாந்தின் முஸ்லிம் இடுகாடுகளில் புதைக்கப்பட்டவர்கள்.

படகும் வழிகாட்டியும்

பாலத்தடித் துறையில் நீளவால் படகுகள் வரிசையாக நிற்கும். ஒல்லியான மரப்படகு, பின்னால் லாரி எஞ்சின் மாதிரி ஒன்று, அதிலிருந்து நீளமான கம்பி, நுனியில் விசிறி. விலை படகுக்குத்தான், ஆளுக்கு இல்லை. இரண்டு பேர் போனாலும் ஆறு பேர் போனாலும் ஒரே காசு. ஒன்றரை மணி நேரச் சுற்றுக்கு நாங்கள் 800 பாட் கொடுத்தோம். வழிகாட்டிக்குத் தனி. ரொக்கமாக வைத்திருங்கள்.

ஏறும் முன்பே மூன்று விஷயம் பேசி முடியுங்கள். எங்கெங்கே நிற்கும், ஒவ்வொரு இடத்திலும் எவ்வளவு நேரம், திரும்பக் கொண்டுவந்து விடுவது எந்தத் துறையில். பேசாவிட்டால் ஒவ்வோரிடத்திலும் பத்து நிமிடத்தில் படகுக்காரர் கையை ஆட்டிக் கூப்பிட ஆரம்பித்துவிடுவார். நாங்கள் "சுங்காயில் முக்கால் மணி நேரம்" என்று முதலிலேயே சொல்லிவிட்டோம். சுங்காய் என்பது ஆற்றங்கரையில் இருக்கும் இன்னொரு கல்லறைத் தோட்டம்.

வழிகாட்டி இல்லாமலும் போகலாம். ஆனால் தாய் மொழி தெரியாமல் படகுக்காரரிடம் ஒன்றும் கேட்க முடியாது. விடுதியில் சொல்லி ஒரு பெண் வழிகாட்டியை ஏற்பாடு செய்தோம். எனக்குப் பயன்பட்டது இது: முந்தின ராத்திரியே தாத்தாவின் கதையை நாலு வரியில் எழுதி அனுப்பினேன். மலாயாத் தமிழர், 1943, ஆசியத் தொழிலாளர் பற்றித் தெரிந்ததைச் சொல்லுங்கள் என்று. மறுநாள் வழக்கமான பாட்டை ஒப்பிக்காமல், தெரிந்ததைத் தெரியும் என்றும் தெரியாததைத் தெரியாது என்றும் சொன்னார். அப்பாவை "லுங்" என்று கூப்பிட்டார். மாமா, பெரியப்பா மாதிரி ஒரு சொல். அதிலேயே அப்பா பாதி குளிர்ந்துவிட்டார்.

படகு ஓடும்போது ஒரு சொல்லும் காதில் விழாது, எஞ்சின் அப்படிக் கத்தும். கதையைத் துறையிலேயே சொல்லச் சொல்லுங்கள், அல்லது நடுவில் எஞ்சினை நிறுத்தச் சொல்லுங்கள். முன்பக்கம் உட்கார்ந்தால் சத்தம் குறைவு, தண்ணீர் தெறிப்பது அதிகம். கைபேசியை நெகிழிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். உயிர்காப்புச் சட்டையைக் கேட்டு வாங்கி, கட்டிக்கொள்ளுங்கள், மடியில் வைத்துக்கொள்ளாதீர்கள். வயதானவர்கள் ஏறும்போது படகின் விளிம்பில் கால் வைத்தால் படகு சாயும். நடுப்பலகையில் வைக்க வேண்டும். அப்பா முதலில் உட்கார்ந்து, அப்புறம் காலைத் தூக்கி உள்ளே வைத்தார். முட்டி வலிக்கு அதுதான் சரி.

பாலத்தைத் தண்ணீரிலிருந்து பார்ப்பது நல்லது. வளைந்த இரும்புக் கூடுகள் ஜாவாவிலிருந்து கொண்டுவந்து பூட்டியவை. நடுவில் நேர்க்கோட்டில் இருக்கும் இரண்டும் குண்டுவீச்சில் உடைந்ததற்குப் பதிலாகப் போருக்குப் பின் வைத்தவை. மேலே நின்றால் இது கண்ணில் படாது. இன்னொன்று: போர்க்காலத்தில் இந்த ஆற்றுக்குப் பெயர் மே குளோங். உலகமெல்லாம் ஓடிய ஒரு ஆங்கிலப் படத்தால் ஆட்கள் "குவாய்" பாலத்தைத் தேடி வரவே, 1960களில் இந்தப் பகுதிக்குக் குவே யாய் என்று பெயர் மாற்றினார்கள். அந்தப் படத்தை எடுத்ததோ இலங்கையில், கித்துல்கலவில்.

கொஞ்ச தூரம் கீழே போனால் குவே யாயும் குவே நோய் என்கிற இன்னோர் ஆறும் சேர்கிற இடம். அங்கே வாட் சாய்ச்சும்போன் கோயிலுக்குள் ஜீத் போர் அருங்காட்சியகம். 1977-இல் கோயிலின் தலைமைத் துறவி தொடங்கியது. மூங்கிலும் அத்தாப்பும் வைத்து, கைதிகள் படுத்த கொட்டகை மாதிரியே கட்டியிருக்கிறார்கள். 'ஜீத்' என்பது ஜப்பான், இங்கிலாந்து, அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும், தாய்லாந்து, ஹாலந்து என்பவற்றின் ஆங்கில முதலெழுத்துகள். மலாயாவுக்கும் இந்தியாவுக்கும் பர்மாவுக்கும் அதில் எழுத்து இல்லை. நான் இதை யோசித்துக்கொண்டு நின்றபோது, அப்பா மூங்கில் பரணில் ஒரு ஆளுக்கு எவ்வளவு இடம் வரும் என்று சாணால் அளந்து கொண்டிருந்தார். மூன்று சாண் வரைக்கும் போய், கையை எடுத்துவிட்டார்.

அடுத்து குவே நோய்க்குள் திரும்பினால் காவ் பூன் குகைக் கோயில். குனிந்து, சில இடத்தில் உடம்பை ஒடுக்கிப் போக வேண்டும். முட்டிக்காரர்கள் வெளியே பெஞ்சில் உட்காரலாம். எனக்கு அதில் பெரிதாக ஒன்றும் இல்லை.

சுங்காய்தான் இந்தச் சுற்றின் உயிர். பெரிய கைதி முகாமும் ஆஸ்பத்திரியும் இருந்த அதே இடத்தில் 1,700-க்கு மேற்பட்ட கல்லறைகள். ஊருக்குள் இருக்கும் தோட்டத்துக்கு வருகிற பஸ் கூட்டம் இங்கே இல்லை. துறையிலிருந்து படி ஏறினால் புல்வெளி, மரநிழல், கீழே ஆறு. இங்கே வழிகாட்டியையும் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு நடங்கள். தகடுகளில் வயதைப் படித்துக்கொண்டே போன அப்பா, "எல்லாம் சின்னப் பையங்கம்மா" என்றார். தாத்தா போனபோது அவருக்கு இருபத்தாறு.

இன்னொரு நாள் இருந்தால்

காஞ்சனபுரியிலிருந்து 'நாம் தோக்' என்ற ஊருக்குப் போகிற ரயிலில் ஏறுங்கள். போகும்போது இடப்பக்கம் உட்கார்ந்தால், தாம் கிராசே அருகே மலைப்பாறையை ஒட்டிய மரப்பாலத்தில் வண்டி ஊர்ந்து போகும்போது கீழே குவே நோய் தெரியும். நகரத்திலிருந்து 80 கிலோமீட்டர் வடமேற்கே ஹெல்ஃபயர் பாஸ். சுத்தியலும் உளியும் வைத்து மலையைப் பிளந்த வெட்டு. பாறைக்குள் முறிந்து சிக்கிய உளி ஒன்று இன்னும் அப்படியே இருக்கிறது. காதில் மாட்டிக் கேட்கும் ஒலி விளக்கம் இலவசம். படிகள் அதிகம். அப்பா மேலேயே இருந்துகொண்டார், நான் இறங்கிப் போய் உளியைப் படமெடுத்து வந்து காட்டினேன்.

படகு போகாத இடம்

தமிழர்களாகப் போகிறவர்கள் தவறவிடக் கூடாத இடம் படகுச் சுற்றில் வராது. கேட்டால்தான் கூட்டிப்போவார்கள். போர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் பக்கத்திலேயே வாட் தாவோன் வராராம். வாட் யுவான் என்றாலும் தெரியும், வியட்நாமியர் மரபுக் கோயில். ஆசியத் தொழிலாளர்களின் எலும்புகளைச் சேர்த்து வைத்த தூபி அதன் வளாகத்தில் இருக்கிறது. அடியில் கிடக்கிறவர்களின் பெயர்கள் இல்லை.

தோளையும் முட்டியையும் மூடிய உடை போட்டுக்கொள்ளுங்கள். சூடம் வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள், தட்டு ஒன்றும் வேண்டும். தரையில் கொளுத்தினால் கரி பிடிக்கும். கொளுத்தும் முன் கோயில் ஆளிடம் கேட்டுவிடுங்கள். எங்களுக்காக வழிகாட்டி கேட்டார், அங்கிருந்த கிழவர் ஊதுபத்திச் சட்டியைக் கொஞ்சம் நகர்த்தி இடம் விட்டார். மாலைக் காற்றில் தீக்குச்சி இரண்டு மூன்று அணைந்துபோகும், பெட்டி நிறைய எடுத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு ஆறு குச்சி ஆனது.