பாம்பன், குந்துகால் படகுத்துறையில புதுசா வந்து ஒட்டுற சிப்பி, பாசியை கண்காணிக்கறது எப்படி

ராமேஸ்வரம் தீவுல படகுத்துறை பக்கம் புழங்கற யாரும் இதை செய்யலாம், டைவிங் எல்லாம் தெரியணும்னு இல்ல. பாம்பன் தூக்குப்பாலம் எப்ப தூக்குவாங்கன்னு கேரளா, கன்னியாகுமரி விசைப்படகுங்க குந்துகால் பக்கம் நங்கூரம் போட்டு காத்து நிக்குதுல்ல, அதோட அடியில ஒட்டிட்டு வந்ததும் சேந்துதான் நிக்குது. எதிர்லயே குருசடை தீவு, பவளப்பாறை. கேரளாவுல அஷ்டமுடி காயல்ல பெருகின தென்னமெரிக்க சிப்பி இப்ப எண்ணூர், பழவேற்காடு வரைக்கும் இருக்கு, அங்க மீனவங்க காக்கா ஆழின்னு சொல்றாங்க, இறால் பிடிச்ச தரையையே அடைச்சுட்டதா அவங்க படற வேதனை கொஞ்சமில்ல. அதனாலதான் சொல்றேன், நம்ம பக்கம் முன்னாடியே பாத்து வைக்கணும்.

வழி இதுதான்: தண்ணிக்குள்ள தட்டு தொங்கவிட்டா, புதுசா வர்றது அதுல ஒட்டும், தூக்கி பாத்துக்கலாம். மொதல்ல துறைமுகத்துல தட்டு தொங்கவிட மீன்வளத்துறை கிட்ட அனுமதி வாங்கிடுங்க, சங்கத்து ஆளுங்ககிட்டயும் சொல்லிடுங்க, இல்லன்னா கயிறு காணாம போயிடும். குருசடை மாதிரி தீவுங்க பக்கம் மட்டும் போகாதீங்க, மன்னார் வளைகுடாவுல இருக்கற அந்த 21 தீவும் தேசியப் பூங்கா, வனத்துறை கையில இருக்கு.

14 செ.மீ. சதுரத்துல பிவிசி தட்டு வெட்டி ஒரு பக்கம் உப்புத்தாள் போட்டு நல்லா சொரசொரன்னு தேச்சுக்கோங்க. அந்த பக்கம் கீழ பாக்கற மாதிரி செங்கல்லோட சேத்து கட்டுங்க, மேல பாத்தா சேறு படிஞ்சு ஒண்ணும் ஒட்டாது. கடல் தண்ணி நல்லா எறங்கற வத்தத்துலயும் ஒரு மீட்டர் தண்ணிக்குள்ள இருக்கணும், ஆனா தரையில படக்கூடாது, பட்டா நண்டு ஏறி மேஞ்சிடும். ஒரு இடத்துக்கு அஞ்சாறு தட்டாவது போடுங்க, 3 மாசம் விடுங்க.

தூக்கறப்ப அவசரப்படாதீங்க. வெளிய எடுத்ததும் பாத்தா வழவழன்னு சளி மாதிரி ஒரு கட்டிதான் தெரியும், அதையே கடல் தண்ணி ஊத்தின டப்புல கவுக்காம மல்லாத்தி வெச்சு ரெண்டு நிமிஷம் பொறுங்க, கொட்டலசு (படகு அடியில கெட்டியா ஒட்டற சின்ன ஓட்டு உயிர்) கையை வீசும், சளின்னு நெனச்சது வாய் தொறக்கும். அப்பதான் போட்டோ எடுக்கணும், பக்கத்துல ஸ்கேல் வெச்சு, தேதி, இடம், ஆழம் எழுதின சீட்டும் தெரியற மாதிரி.

சிப்பி கெடைச்சா ஓடு ரெண்டையும் தொறந்து உள்ள பாருங்க. நம்ம பச்சை ஆழிக்கு ஓரம் பச்சையா இருக்கும், காக்கா ஆழி கருப்பு, உள்பக்கம் ஊதா ஓடும். ஓட்டோட கூர்முனைக்குள்ள குட்டியா ஒரு தட்டு மாதிரி இருந்து ஓடு ரெண்டரை செ.மீ.க்குள்ள இருந்தா அது கருங்கோட்டு சிப்பியா இருக்கலாம். அது 1967ல விசாகப்பட்டினத்துல தெரிஞ்சது, இன்னும் போகல. அதே சிப்பியை ஆஸ்திரேலியாவுல டார்வின் படகுத்துறையில 1999ல சீக்கிரமே பாத்துட்டாங்க, தண்ணியில மருந்து ஊத்தி முழுசா ஒழிச்சுட்டாங்க. நாள் கடந்து பரவிட்டா அந்த வாய்ப்பே கிடையாது.

பாசிக்கு கப்பாஃபைகஸ் முக்கியம், பிலிப்பைன்ஸ் பக்கத்துது, மண்டபம் பக்கம் வளக்க கொண்டுவந்தது, 2008லயே குருசடை பவளத்து மேல படர்ந்ததை பதிவு பண்ணியிருக்காங்க. தடிச்ச ரப்பர் மாதிரி விரல் விரலா இருக்கும். கரையில ஒதுங்கினா போட்டோ எடுத்து பையில போட்டு மேட்டுல காயவைங்க, சின்னத் துண்டு கடல்ல விழுந்தாலும் திரும்ப வளரும். பவளத்து மேல இருந்தா கை வைக்கவே வேண்டாம், வனத்துறைக்கு சொல்லுங்க.

ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம், படகை கரையேத்தி அடி சொரண்டுவாங்க, அதுதான் பாக்க நல்ல சமயம். சுக்கான், காத்தாடி (படகைத் தள்ளுற விசிறி) சந்துல நல்லா பாருங்க, பெயிண்ட் சரியா படாத இடம் அது. சொரண்டினதை மட்டும் தயவுசெஞ்சு கடல்ல தள்ள விடாதீங்க.

சந்தேகமா இருக்கறதை 95 சதவீத ஆல்கஹால்ல போடுங்க, ஃபார்மலின் வேண்டாம், டிஎன்ஏ கெட்டுடும். மண்டபத்துல மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இருக்கு, போட்டோவோட போய் காட்டுங்க. ஒண்ணும் கெடைக்கலன்னாலும் "இல்ல"ன்னு தேதி போட்டு எழுதணும், அடுத்த வருஷம் ஒண்ணு வந்து ஒட்டுனா அது எப்ப வந்துச்சுன்னு சொல்ல அந்த வரிதான் இருக்கும். தட்டை தூக்கின அன்னைக்கே அதே கயித்துல, அதே ஆழத்துல புதுத்தட்டு கட்டி எறக்கிடுங்க.